பெயர் போட்ட மின்விசிறியும் நிய்யத்தும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: செய்கிற அமல் (நற்செயல்), அதன் பின்னுள்ள நிய்யத் (எண்ணம்) அல்லாஹ்வுக்காகவா, ஊருக்காகவா, காசுக்காகவா? எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. கேள்விகளைப் பார்த்தால் அதுதான் பொருத்தம் என்று தோன்றியது.

கேள்வி: பல வருடமாக வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் மேல்தளம் கட்டுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பவர்களின் பெயரைக் கருங்கல்லில் பொறிப்பார்களாம். கொடுக்க ஆசைதான். ஆனால் கல்லில் பெயர் ஏறினால் மறுமையில் கூலி கிடைக்காது என்கிறார் மச்சான். பெயர் வேண்டாம் என்று சொன்னால் உம்மாவுக்கு வருத்தம். என்ன செய்ய?
– வாசகர், திருவிதாங்கோடு

பெயர் வெளியே தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் கூலி போய்விடாது. "நீங்கள் தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது" என்பது குர்ஆனின் 2:271 வசனத்தின் கருத்து. இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது, இரண்டாவதற்கு மதிப்பு அதிகம்.

வெளிப்படையாகக் கொடுப்பதற்கும் ஓர் இடம் உண்டு. முளர் கோத்திரத்தார் உடுத்தத் துணிகூடச் சரியாக இல்லாமல் மதீனாவுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. தொழுகை முடிந்து உரையாற்றினார்கள். அன்ஸாரிகளில் (மதீனாவாசிகளில்) ஒருவர் கையில் தூக்க முடியாத அளவு ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவர, உணவும் துணியும் இரண்டு குவியலாகிவிட்டன. நல்ல வழியைத் தொடங்கிவைப்பவருக்கு அதைப் பின்பற்றியவர்களின் கூலியும் உண்டு என்று நபியவர்கள் சொன்னது அந்த இடத்தில்தான் (முஸ்லிம்; அடைப்பில் வரும் புகாரி, இப்னு மாஜா போன்றவையும் இதைப் போல நபிமொழித் தொகுப்புகளே). உஸ்மான் (ரலி) ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு விட்டதும் ஊரறிந்த சங்கதி. யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

அப்படியானால் கெடுவது எங்கே? நடைமுறையில் மூன்று இடங்களில். முதலாவது, பெயர் ஒரு நிபந்தனையாக மாறும்போது. "கல்லில் போடுவீர்களென்றால் ஒரு லட்சம், இல்லையென்றால் பத்தாயிரம்" என்று மனதுக்குள் கணக்கு ஓடுகிறதென்றால், அந்தத் தொண்ணூறாயிரம் யாருக்காகப் போகிறது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, கொடுத்த பிறகு சொல்லிக் காட்டுவது. நிர்வாகக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு வந்ததும் "மேல்தளத்துக்கு நான் கொடுத்தது தெரியுமா?" என்று எழும் பேச்சு அது. இதைத்தான் 2:264 வசனம் பாறைமேல் படிந்த மண்ணுக்கு ஒப்பிடுகிறது. ஒரு பெருமழையில் மண் போய் வழுக்குப் பாறை மட்டும் மிஞ்சும். கொடுக்கும்போது நிய்யத் சுத்தமாக இருந்தும் பிற்பாடு இப்படிப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். மூன்றாவது, பெயர் விடுபட்டாலோ எழுத்துப் பிழையாக வந்தாலோ எழும் கோபம். அந்தக் கோபம் வந்தால் முன்னால் சொன்ன முதல் காரணம் உள்ளே ஒளிந்திருந்தது என்று பொருள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை யாரிடமும் பேசுவதற்கு முன்பே முடிவு செய்து பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு லட்சம் என்ற கோட்டைத் தாண்டுவதற்காகத் தொகையை ஏற்றாதீர்கள். எண்பதாயிரம்தான் முடியுமென்றால் எண்பதாயிரமே இருக்கட்டும். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது வேறு, விளம்பரம் வேறு. ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாக சபை) கணக்குக்கு அது வேண்டும், "பெயர் வேண்டாம்" என்று ரசீதையே தவிர்த்தால் கணக்கில் குழப்பம்தான் மிஞ்சும். கல்லைப் பற்றி நீங்களாக வாய் திறக்காதீர்கள். போட்டால் போடட்டும். கூடவே, இதில் ஒரு பங்காவது எந்தக் கல்லிலும் ஏறாத இடத்துக்குப் போகட்டும்: ஒரு நோயாளியின் மருந்துக் கடை பாக்கி, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பவர் மறுமையில் அர்ஷின் (இறைவனின் அரியணையின்) நிழல் பெறும் ஏழு வகையினரில் ஒருவர் (புகாரி, முஸ்லிம்).

உம்மாவின் வருத்தத்துக்கும் வழி இருக்கிறது. வாப்பா காலமாகியிருந்தால் அவருக்காக என்று நிய்யத் வைத்துக் கொடுங்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) மறைந்த தாயாருக்காகத் தமது தோட்டத்தையே தர்மம் செய்தார் (புகாரி). வாப்பாவின் பெயரைப் பார்க்கிறவர்கள் துஆ செய்தால் உம்மாவுக்கும் நிறைவுதான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், ஒளு (தொழுகைக்கு முன் கை கால் கழுவுதல்) செய்யும் குழாய்க்கு மேல் பெயர் என்று எழுதிக் கொண்டே போவது கொடுப்பவர்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. மிஹ்ராப் (இமாம் நிற்கும் மாடம்) சுவரில் எழுதினால் தொழுகிறவர்களின் பார்வையும் கெடும். ஆண்டறிக்கையில் ஒரு பட்டியல் போதும்.

கேள்வி: தனியாகத் தொழும்போது சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பள்ளியில் பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் ருகூவும் (குனிதல்) ஸுஜூதும் (சிரம் பணிதல்) தானாக நீளுகின்றன. இது முகஸ்துதி (பிறர் காணச் செய்வது) என்று பயந்து சுன்னத் (கூடுதல்) தொழுகையையே விட்டுவிட்டேன். சரிதானா?
– வாசகர், குளச்சல்

விட்டது தவறு. பயந்தது சரி. நபியவர்கள் இதையேதான் மறைவான இணைவைப்பு என்று குறிப்பிட்டார்கள்: ஒருவன் தொழ நிற்கிறான், தன்னை ஒருவர் பார்க்கிறார் என்பதற்காகத் தொழுகையை அழகாக்குகிறான் (இப்னு மாஜா). ஆனால் அதற்கு மருந்து தொழுகையை விடுவதில் இல்லை. ஹிஜ்ரி 187-இல் மறைந்த ஃபுளைல் இப்னு இயாள், மக்களுக்காக ஓர் அமலைச் செய்வதைப் போலவே மக்களுக்காக அதை விடுவதையும் நோயாகவே கண்டார். விடுவதைத்தான் அவர் ரியா (முகஸ்துதி) என்றார். நீங்கள் விட்டதும் பக்கத்தில் நின்ற பெரியவரை நினைத்துத்தானே!

ரியா எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதை வைத்துத்தான் சட்டம் மாறும். தொடக்கமே மனிதர்களுக்காக என்றால், அதாவது அவர்கள் இல்லாவிட்டால் தொழவே மாட்டார் என்றால், அந்த அமலில் பலன் இல்லை. "என்னோடு இன்னொருவரையும் சேர்த்து ஓர் அமலைச் செய்தவரை, அவருடைய இணைவைப்போடு நான் விட்டுவிடுகிறேன்" என்ற ஹதீஸ் குத்ஸி, அதாவது அல்லாஹ்வின் கூற்றாக நபியவர்கள் அறிவித்த செய்தி (முஸ்லிம்), நேராகப் பொருந்துவது இங்கேதான். அல்லாஹ்வுக்காகத் தொடங்கி நடுவில் எண்ணம் வந்து, அதைத் தள்ளிவிட்டால் ஒரு பாதிப்பும் இல்லை. தள்ளிய முயற்சிக்கே கூலி உண்டு. நடுவில் வந்ததை ரசித்துக்கொண்டே தொடர்ந்தால்? இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடங்கிய நிய்யத் தொழுகையைக் காப்பாற்றும் என்று சொன்னவர்களில் இமாம் அஹ்மதும் தபரியும் இருக்கிறார்கள். நீட்டிய பகுதியின் கூலி கிடைக்காது என்பதில் சந்தேகமில்லை. எல்லாம் முடிந்த பிறகு யாரோ பாராட்ட, மனம் குளிர்ந்தால் அது ரியாவில் சேராது. "ஒருவர் நன்மை செய்கிறார், மக்கள் புகழ்கிறார்கள், அது எப்படி?" என்று கேட்கப்பட்டபோது, "அது முஃமினுக்கு (நம்பிக்கையாளருக்கு) முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி" என்றார்கள் நபியவர்கள் (முஸ்லிம், அபூதர் (ரலி) அறிவிப்பு).

உங்களுக்கான வழி எளிது. பள்ளியில் நீளும் தொழுகையைக் குறைக்காதீர்கள், வீட்டில் குறையும் தொழுகையை நீட்டுங்கள். தனிமையில் ருகூவில் ஐந்து தஸ்பீஹ் ஓதிப் பழகினால் பள்ளியிலும் அதே ஐந்துதான் வரும், யார் நின்றாலும் நிற்காவிட்டாலும். முன்பின் சுன்னத்துகளை வீட்டில் தொழுவதே நபிவழிக்கு நெருக்கமும்கூட.

கேள்வி: தொழுகைக்கு நிற்கும்போது 'உஸல்லி' என்று தொடங்கும் நிய்யத் வாசகம் தடுமாறிப்போகிறது. மூன்று நான்கு தடவை தக்பீர் ('அல்லாஹு அக்பர்' என்று சொல்லித் தொழுகையைத் தொடங்குவது) கட்டுகிறேன். இமாம் ருகூவுக்கே போய்விடுகிறார்.
– வாசகர், மாதவலாயம்

நிய்யத்தின் இடம் இதயம். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) வாயால் சொல்வது மனதுக்குத் துணையாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். அது தொழுகையின் நிபந்தனை கிடையாது. எந்தத் தொழுகை, ஃபர்ளா (கட்டாயமா) சுன்னத்தா என்பது தக்பீரின்போது மனதில் இருந்தால் முடிந்தது. நீங்கள் வீட்டிலிருந்து அஸர் தொழுகைக்கென்று கிளம்பிய ஆள், அது அஸர்தான். ஒரு தடவை கட்டுங்கள், திரும்பக் கட்டாதீர்கள். சந்தேகம் வந்தாலும் கட்டாதீர்கள். வஸ்வாஸுக்கு (வீண் சந்தேகத்துக்கு) இடம் கொடுத்தால் அது நிய்யத்தோடு நிற்காது, ஒளுவுக்கும் போகும்.

கேள்வி: கணவரின் மீன் வியாபாரத்தில் கடன் ஏறிவிட்டது. கடன் தீர வேண்டும் என்று தினமும் மக்ரிப் (அந்தித் தொழுகை) முடிந்து வாகிஆ என்ற குர்ஆன் அத்தியாயத்தை ஓதியும், காலையில் லுஹா (முற்பகல் தொழுகை) தொழுதும் வருகிறேன். இது துன்யாவுக்காக (இவ்வுலகத்துக்காக) செய்த அமல், மறுமையில் ஒன்றும் கிடைக்காது என்கிறாள் தங்கை.
– வாசகி, தேங்காய்பட்டணம்

தங்கை பாதி சரி. 2:200 வசனம் "எங்கள் இறைவா, இவ்வுலகிலேயே எங்களுக்குக் கொடு" என்று மட்டும் கேட்பவர்களைச் சொல்லி, அவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்கிறது. அடுத்த வசனத்திலேயே இவ்வுலகிலும் நன்மை, மறுமையிலும் நன்மை என்று கேட்பவர்கள் வருகிறார்கள். நாம் தினமும் ஓதும் ரப்பனா ஆத்தினா அது. குற்றம் துன்யாவைக் கேட்டதில் இல்லை, மறுமையை விட்டுவிட்டதில்தான். நூஹ் (அலை) தம் மக்களிடம் பாவமன்னிப்புக் கேளுங்கள், மழையும் செல்வமும் பிள்ளைகளும் தருவான் என்றே சொல்லி அழைத்தார் (71:10-12). உறவைச் சேர்த்து நடந்தால் ரிஸ்க் (வாழ்வாதாரம்) விரிவாகும் என்பதும் புகாரியில் உள்ள ஹதீஸ். அல்லாஹ்வும் ரஸூலும் காட்டிய உலகப் பலனை அவர்கள் சொன்ன வழியிலேயே எதிர்பார்ப்பதைத் துன்யா ஆசை என்று தள்ள முடியாது.

ஒரு திருத்தம். வாகிஆ ஓதினால் வறுமை அண்டாது என்ற ஹதீஸ் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் சொல்கிறார்கள். ஓதுவதை நிறுத்த வேண்டாம். குர்ஆன் ஓதும் கூலி எப்போதும் போல உண்டு. ஆனால் அதைக் கடன் தீர்க்கும் மாத்திரையாக எண்ணினால், ஆறு மாதத்தில் தீராதபோது ஈமானே (இறைநம்பிக்கையே) ஆட்டம் காணும். கடனுக்கென்றே நபியவர்கள் கற்றுத்தந்த துஆ திர்மிதியில் இருக்கிறது: அல்லாஹும்மக்ஃபினீ பிஹலாலிக அன் ஹராமிக, வஅக்னினீ பிஃபள்லிக அம்மன் ஸிவாக. "ஹராமை விட்டு ஹலாலைக் கொண்டு எனக்குப் போதுமாக்கு, உன்னைத் தவிர மற்றவர்களிடம் தேவையில்லாதபடி உன் அருளால் ஆக்கு" என்று பொருள்.

நிய்யத்தைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி: கடன் தீர்ந்த மறுநாளும் லுஹா தொடருமா? தொடரும் என்றால் கவலை வேண்டாம். நிற்கும் என்று தோன்றினால் இப்போதே "ரப்பே, நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்" என்று நிய்யத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்த நோக்கத்தோடு செய்யும் அமலை இமாம் கஸ்ஸாலி எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறார்: மறுமை நோக்கம் கனத்தால் அந்த அளவுக்குக் கூலி, உலக நோக்கம் கனத்தால் அந்த அளவுக்கு நட்டம், இரண்டும் சமமென்றால் ஒன்றுக்கொன்று சரியாகிப் போகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கடனிலும் நிய்யத் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் வாங்கியவருக்காக அல்லாஹ்வே தீர்த்துவைப்பான், அழிக்கும் எண்ணத்தில் வாங்கியவரை அல்லாஹ் அழிப்பான் (புகாரி). அந்த எண்ணம் இருப்பதற்கு அடையாளம் வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் 2:282 குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். கடன்காரரைக் கண்டு ஒளியாமல் நேரில் போய்த் தவணை பேசுங்கள். பெட்டியில் உறங்கும் நகை இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ரப்பர் பால்வெட்டு வேலை. அதிகாலை 4 மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெட்டி முடிக்க விடிந்துவிடும். குடும்பத்துக்காக உழைப்பதே இபாதத் (வணக்கம்) என்றால் ஃபஜ்ர் (வைகறைத் தொழுகை) தவறுவதற்கு அது ஈடாகுமா? கையில் பால் ஒட்டியிருந்தால் ஒளு கூடுமா?
– வாசகர், குலசேகரம்

உழைப்பு இபாதத் ஆகும், ஈடாகாது. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடினால் கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னார்கள் (புகாரி). அதே ஸஅதுக்கு ஐந்து நேரத் தொழுகையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

உங்கள் சிக்கல் நேரம்தான், அது தீரக்கூடியது. வெயில் ஏறும் முன் மரத்தில் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் கூடுதல் நேரம் வடியும். அதனால்தான் அந்த வேளையில் வெட்டுகிறார்கள். ஆனால் வெட்டிய மரம் நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டாலும் சிரட்டையில் வடித்துக்கொண்டுதான் இருக்கும். குமரி மாவட்டத்தில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில். அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பே ஃபஜ்ர் வக்து வந்துவிடும். அந்த இடைவெளியில் பத்து நிமிடம் எடுத்தால் பாலில் ஒரு சொட்டும் குறையாது. ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சுத்தமான துண்டு, கைபேசியில் கிப்லா. பக்கத்துத் தோட்டத்தில் இன்னொருவர் இருந்தால் இருவர் சேர்ந்தாலே ஜமாஅத் (கூட்டுத்) தொழுகை.

ரப்பர் பால் அசுத்தம் கிடையாது, தண்ணீரைத் தடுப்பதுதான் சிக்கல். ஈரப் பால் கழுவினால் போகும். காய்ந்து தோலாகப் படிந்துவிட்டால் அதற்கு அடியில் தண்ணீர் போகாது, அந்த இடத்தில் ஒளு நிறைவேறாது. விரலால் உருட்டித் தேய்த்து உரித்துவிட்டுப் பிறகு ஒளு செய்யுங்கள். விரலிடுக்கையும் மணிக்கட்டையும் பாருங்கள். குதிகால் நனையாமல் ஒளு செய்தவர்களை நபியவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

நிய்யத்தைப் பற்றிக் கேட்டதால் இதையும் சேர்த்துக்கொள்கிறோம். குடும்பத்துக்காக என்ற நல்ல நிய்யத் பாலில் தண்ணீர் கலப்பதையும், சரியாகக் காயாத ஷீட்டை எடைக்காக விற்பதையும் ஹலால் ஆக்காது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. "ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுபவன் என்னைச் சார்ந்தவன் அல்லன்" என்றார்கள் (முஸ்லிம்). காயாத ஷீட்டும் அந்த ஈரத் தானியமும் ஒன்றுதான்.

கேள்வி: கஷ்டப்படும் என் தங்கைக்குப் போன மாதம் 10,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது ஜகாத் (கட்டாய தர்மம்) கணக்குப் பார்த்தால் என் பங்கும் சரியாக 10,000 வருகிறது. அதையே ஜகாத்தாக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திட்டுவிளை

கொடுக்கும்போது ஜகாத் என்ற நிய்யத் இருந்ததா? இருந்தது என்றால் கூடும். நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச) அளவு செல்வம் கையில் இருந்தால் வருடம் நிறைவதற்கு முன்பே முன்கூட்டிக் கொடுக்கவும் அனுமதி உண்டு. அன்று வெறும் உதவியாகக் கொடுத்துவிட்டு இன்று பெயர் மாற்றுவது என்றால் கூடாது; அது ஸதகாவாக (விருப்ப தர்மமாக) எழுதப்பட்டுவிட்டது. ஹனஃபி மத்ஹபில் ஒரு சலுகை: கொடுத்த பணம் இன்னும் செலவாகாமல் தங்கை கையில் இருந்தால் இப்போது நிய்யத் வைத்தாலும் போதும்.

இனிமேல் இப்படிச் செய்யலாம். கணக்குப் பார்த்த அன்றே பணத்தை ஓர் உறையில் எடுத்துப் போட்டு ஜகாத் என்று நிய்யத் வைத்துவிடுங்கள். 4 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம் 10,000. பிறகு அந்த உறையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் நினைக்க வேண்டியதில்லை. தங்கையிடம் "இது ஜகாத்" என்று சொல்லவும் தேவையில்லை, பெருநாள் காசு என்று கொடுத்தாலும் நிறைவேறும். சொல்லாமல் கொடுப்பதுதான் அழகு. உடன்பிறந்தவர்களுக்கு ஜகாத் கொடுக்கலாம், தர்மத்தோடு உறவைச் சேர்த்த கூலியும் சேரும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கூடாது. அவர்களைப் பார்ப்பது உங்கள் கடமை. அவள் தர வேண்டிய பழைய கடனை "ஜகாத்தில் கழித்துவிட்டேன்" என்று தள்ளுபடி செய்வதும் பெரும்பாலான அறிஞர்களிடம் செல்லாது.

கேள்வி: மதரஸா உஸ்தாதுக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொன்னால், "இக்லாஸோடு (தூய எண்ணத்தோடு) ஓதிக் கொடுப்பவர் காசு கேட்கமாட்டார்" என்கிறார்கள் நிர்வாகத்தில்.
– வாசகர், களியக்காவிளை

இக்லாஸை அடுத்தவர் வயிற்றில் வைத்து அளக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. தேள் கொட்டிய ஒருவருக்கு ஃபாத்திஹா ஓதி ஆடுகளைக் கூலியாகப் பெற்ற சஹாபிகளின் (நபித்தோழர்களின்) விஷயத்தில், "நீங்கள் கூலி பெறுவதற்கு மிகத் தகுதியானது அல்லாஹ்வின் வேதம்" என்றார்கள் நபியவர்கள் (புகாரி). ஷாஃபிஈ மத்ஹப் ஓதிக் கொடுப்பதற்கு ஊதியத்தை அனுமதிக்கிறது. பிற்கால ஹனஃபி அறிஞர்களும் இமாமத், பாங்கு, குர்ஆன் போதனை ஆகியவற்றுக்கு அனுமதித்துவிட்டார்கள். இல்லையென்றால் யாரும் முழு நேரம் ஒதுக்க முடியாமல் மார்க்கக் கல்வியே நின்றுபோகும் என்பதுதான் காரணம். அபூபக்கர் (ரலி) வியாபாரி. கலீஃபா ஆனதும் வியாபாரத்துக்கு நேரமில்லாமல் போக, அவர் குடும்பம் பொதுநிதியிலிருந்து உண்டது (புகாரி). அவருக்கு இக்லாஸ் இல்லை என்பார்களா உங்கள் நிர்வாகத்தில்?

உஸ்தாதின் நிய்யத் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். அவர் தம்மைத்தாமே பார்த்துக்கொள்ள ஓர் இடம் உண்டு: மாதாமாதம் அன்பளிப்புத் தரும் வீட்டுப் பிள்ளைக்கும், ரப்பர் வெட்டுக்காரர் பிள்ளைக்கும் ஒரே பொறுமையோடு மக்ரஜ் (எழுத்து உச்சரிப்பு) திருத்துகிறாரா? சம்பளம் போதாமல் வேறு ஊருக்கு மாறினால் அது குறை ஆகாது. நிர்வாகத்தின் பங்கு வேறு. வேர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், தேதி தள்ளாமல் கொடுப்பதும், குடும்பம் நடத்தப் போதுமான அளவு கொடுப்பதும் அவர்கள் மேல் கடமை.

கேள்வி: ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு முச்சந்தியில் ஃபிளக்ஸ் போர்டு, மக்காவிலிருந்து மணிக்கொரு ஸ்டேட்டஸ். வியாபாரப் பொருள் வாங்கி வருவோரும் உண்டு. எது ஹஜ்ஜைக் கெடுக்கும்?
– வாசகர், திங்கள்சந்தை

வியாபாரம் கெடுக்காது. உக்காள், மஜன்னா, துல்மஜாஸ் சந்தைகளில் ஹஜ் காலத்தில் வியாபாரம் செய்ய சஹாபிகள் தயங்கியபோது, "உங்கள் இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை" என்ற 2:198 வசனம் இறங்கியது (புகாரி). ஃபிளக்ஸ்தான் பயப்பட வேண்டிய விஷயம். நபியவர்கள் ஒரு பழைய சேணத்தில், நான்கு திர்ஹம்கூடப் பெறாத விரிப்பின் மேல் ஹஜ் செய்தபடி, "இறைவா, முகஸ்துதியும் பெயரும் இல்லாத ஹஜ்" என்று வேண்டினார்கள் (இப்னு மாஜா). போர்டை நண்பர்கள் வைத்தால் ஹாஜி பொறுப்பில்லை. அச்சகத்துக்குப் படம் அனுப்பியது யார் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். தவாஃபின்போது (கஅபாவைச் சுற்றும்போது) கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, வீட்டாருக்குச் செய்தி அறைக்கு வந்தபின் அனுப்பினால் போதும்.

கேள்வி: சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு, நரகத்துக்குப் பயந்து வணங்குவது வியாபாரம்தானே? ஞானிகள் அப்படி வணங்கவில்லை என்கிறார்களே.
– வாசகர், தக்கலை

பஸ்ராவின் ராபியா அம்மையார் பெயரில் சொல்லப்படும் வார்த்தையை வைத்துக் கேட்கிறீர்கள். அது அன்பின் உச்சத்தில் நிற்பவரின் பேச்சு. மற்றவர்களுக்கான அளவுகோலாக அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இறைத்தூதர்களைப் பற்றியே "ஆசையோடும் அச்சத்தோடும் நம்மை அழைத்தார்கள்" என்கிறது 21:90. நபியவர்களும் சொர்க்கத்தைக் கேட்டார்கள், நரகத்திலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். அல்லாஹ் ஆசைப்படச் சொன்னதற்கு ஆசைப்படுவது இக்லாஸுக்கு உள்ளேயே அடங்கும். பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள். அவரும் தறியில் உட்கார்ந்து நெய்து பிழைத்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஜமாஅத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் ஒருவர் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டையாக இறக்குகிறார். இது ரியா என்று வெளிப்படையாகச் சொல்லலாமா?
– வாசகர், அழகியமண்டபம்

சொல்லக் கூடாது. தர்மத்தைப் பற்றிய வசனம் இறங்கியபோது சஹாபிகள் கூலிக்குச் சுமை தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் நிறையக் கொண்டுவந்தார், "காட்டிக்கொள்கிறார்" என்றார்கள் முனாஃபிக்குகள் (நயவஞ்சகர்கள்). இன்னொருவர் ஒரு ஸாஉ (சிறு முகத்தல் அளவு) கொண்டுவந்தார், "இது அல்லாஹ்வுக்குத் தேவையா?" என்றார்கள். அவர்களைக் கண்டித்து இறங்கியது 9:79 (புகாரி). அரிசி மூட்டையைப் பார்த்து நிய்யத்தைச் சொல்பவர் யாருடைய வரிசையில் போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

ஆனால் வெளியே தெரியும் செயலைப் பேசலாம், பேசவும் வேண்டும். அரிசியோடு "எனக்கே வாக்கு" என்ற பேரம் வந்தால் அது தர்மத்தின் கணக்கில் வராது, லஞ்சத்தின் கணக்கில் வரும். தேர்தலை நடத்துபவரிடம் புகார் கொடுங்கள். பேரம் இல்லையென்றால், நிர்வாகம் ஒரு விதி வைக்கட்டும்: கஞ்சிக்கான பொருட்கள் எல்லாம் ரமளானுக்கு முன்பே ஒரே பொறுப்பாளர் கையில், ரசீதோடு, தினமும் மைக்கில் யார் கஞ்சி என்று அறிவிப்பது கிடையாது, வேட்பாளர் யாரும் பள்ளி வளாகத்தில் மூட்டையோடு நின்று படம் எடுக்கக் கூடாது. இந்த விதி எல்லாருக்கும் பொருந்துமானால் அவர் அதன் பிறகும் அரிசி அனுப்புவாரா என்பது அவருக்கே தெரிந்துவிடும். அனுப்பினால் வாங்கிக் காய்ச்சுங்கள்.